புத்தகத்துக்கென்று ஓர் எழுத்து

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தை உலகம் காலணிகளைக் கொண்டு அறியும். அந்த வட்டாரத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மூன்று எழுத்து முறைகள் அன்றாட வாழ்வில் அத்தனை நெருக்கமாகப் புழங்கும் பகுதிகள் தமிழ்நாட்டில் குறைவு. வீட்டில் உருது பேசும் குடும்பத்துப் பிள்ளையின் பள்ளிப் பையில் தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பாடநூல்களும் இருக்கும். ஏற்றுமதி நிறுவனங்களின் கடிதங்கள் ஆங்கிலத்தில் போகின்றன. தொழிலாளர்களுக்கான அறிவிப்புகள் தமிழில் ஒட்டப்படுகின்றன. கடைத்தெருவின் பெயர்ப் பலகைகளில் உருதுவும் இடம்பெறுகிறது.

அந்த மூன்று மொழிப் புத்தகங்களையும் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். ஆங்கிலக் கதைப் புத்தகத்தின் எழுத்துகள் நுனிகளில் சிறு பாதங்களோடு நிற்கும். உருதுப் புத்தகம் வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்தில் இருக்கும். இரண்டு மொழி வாசகர்களுக்கும் புத்தகத்துக்குரிய எழுத்து எது என்பதில் ஐயம் கிடையாது. தமிழ்ப் புத்தகத்துக்குரிய எழுத்து எது என்ற வினாவுக்கு மட்டும் அவ்வளவு தெளிவான விடை கிடைப்பதில்லை. திருமண அழைப்பிதழ், சுவரொட்டி, கைப்பேசித் திரை, அறுநூறு பக்க நாவல் என எல்லாவற்றுக்கும் அந்தந்த நேரத்தில் கணினியில் இருந்த எழுத்துருவே போதும் என்ற நிலைக்கு நாம் பழகிவிட்டோம். இந்த நிலை எப்படி வந்தது, இதை மாற்ற முடியுமா என்பவை பதிப்புத் தொழிலுக்குள் மட்டும் பேசி முடிக்க வேண்டிய வினாக்கள் அல்ல. படிக்கும் ஒவ்வொருவரின் கண்ணோடும் தொடர்புடையவை.

பாதம் வைத்த எழுத்து

ஆங்கிலம் உள்ளிட்ட இலத்தீன் எழுத்துகளில் கோடு முடியும் இடத்தில் காணப்படும் சிறிய நீட்சிக்குச் ‘செரிஃப்’ என்று பெயர். கி.பி. 113-இல் ரோமாபுரியில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டு அதன் புகழ்பெற்ற முன்மாதிரி. கல்லில் உளியால் வெட்டுவதற்கு முன் தட்டைத் தூரிகையால் எழுத்து வரையப்பட்டது என்றும், தூரிகையின் தொடக்க, முடிவு அசைவுகளே செரிஃப் ஆயின என்றும் எட்வர்ட் கேடிச் என்ற பாதிரியார் 1968-இல் விரிவாக வாதிட்டார்.

பெரிய எழுத்துகளின் வடிவம் கல்லிலிருந்து வந்தது என்றால், சிறிய எழுத்துகளின் வடிவம் தோலிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவின் நூல்கள் பார்ச்மென்ட் எனப்படும் தோல்தாளில் எழுதப்பட்டன. தோல் தொழில் அறிந்தவர்களுக்கு அதன் செய்முறை எளிதில் விளங்கும். சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைத்து மயிரை நீக்கி, சதைப்பற்றைச் சுரண்டுவது வரை ஆம்பூரிலும் அதே வேலைதான். அதன்பின் பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ பதப்படுத்தாமல், சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்தினால் தோல்தாள் கிடைக்கும். வழவழப்பான அந்தப் பரப்பில் பட்டை நுனியுள்ள இறகுப் பேனா ஒரு திசையில் தடித்த கோட்டையும் மறு திசையில் மெல்லிய கோட்டையும் இழுத்தது. அந்தத் தடிப்பும் மெலிவும்தான் அச்சு எழுத்துக்கும் வந்து சேர்ந்தன.

1470-இல் வெனிஸ் நகரில் நிக்கோலா ஜென்சன் வார்த்த எழுத்திலிருந்து, 1495-இல் ஆல்டஸ் மனூசியஸின் அச்சகம் பயன்படுத்திய எழுத்து, பதினாறாம் நூற்றாண்டின் கரமோன், பதினெட்டாம் நூற்றாண்டின் காஸ்லன், பாஸ்கர்வில் எழுத்துகள், 1932-இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக உருவான ‘டைம்ஸ் நியூ ரோமன்’ வரை இந்த மரபு அறுபடாமல் தொடர்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய எழுத்தை எடுத்துத் தன் காகிதத்துக்கும் மைக்கும் இயந்திரத்துக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை விலக்கியாக வேண்டும். செரிஃப் எழுத்துதான் மற்றவற்றைவிட விரைவாகப் படிக்கப்படும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆய்வுகள் அதை உறுதியாக நிறுவவில்லை. பழக்கப்பட்ட எழுத்தையே மக்கள் எளிதாகப் படிக்கிறார்கள். எழுத்தின் அளவும், வரிகளுக்கிடையிலான வெளியும், வரியின் நீளமும், மையின் அடர்த்தியும் செரிஃபைவிடக் கூடுதலான விளைவை ஏற்படுத்துகின்றன. எனவே பாராட்டப்பட வேண்டியது அந்தச் சிறு பாதம் அன்று. நீண்ட நேரம் படிப்பதற்கென்று ஓர் எழுத்தை வகுத்துக்கொண்டு, 500 ஆண்டுகளாக அதைக் கவனத்தோடு திருத்திவரும் பழக்கமே பாராட்டத்தக்கது.

ஓலையிலிருந்து ஈயத்துக்கு

தமிழ் எழுத்து வேறு பாதையில் வந்தது. பனையோலையில் எழுத்தாணி கீறும் கோடு பெரும்பாலும் ஒரே பருமனில் இருக்கும். இலத்தீன் எழுத்தின் செரிஃப் தமிழுக்கு இயல்பாகவே இல்லை; இருக்க வேண்டியதும் இல்லை. இன்று சில அலங்கார எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் நுனிகளில் ஆங்கிலப் பாதங்களை ஒட்டிப் பார்க்கிறார்கள். அது விளம்பரத்துக்கு உதவலாம். பத்துப் பக்கம் படித்தால் கண் களைத்துவிடும்.

1554-இல் லிஸ்பனில் வெளியான தமிழ் – போர்த்துக்கீசிய நூல் தமிழை ரோமன் எழுத்திலேயே அச்சிட்டது. தமிழ் எழுத்திலேயே அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள பழமையானது, 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி முடிந்த ‘தம்பிரான் வணக்கம்’. அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் அறியப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் உருவாக்கிய 16 பக்கச் சிறு நூல் அது. ஓலைச் சுவடியின் கையெழுத்தைப் பார்த்தே அதன் எழுத்துகள் வார்க்கப்பட்டன. சுவடி வழக்கப்படி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் இல்லை.

1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்தது. அதற்கான தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவையாக இருந்ததால், அதே அளவில் விவிலியத்தை அச்சிட்டால் காகிதம் போதாது என்று கண்ட சீகன்பால்க் குழுவினர், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். தமிழ்ப் புத்தக எழுத்தின் முதல் பெரிய சிக்கல் அப்போதே தெரிந்துவிட்டது. இலத்தீன் எழுத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து அகலமானது, சொற்கள் நீளமானவை. தெளிவு குறையாமல் அளவைக் குறைப்பது எப்படி என்பதே அன்றுமுதல் இன்றுவரை கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்த சிறந்த விடையோடு வேலூருக்கும் ஓர் உறவு உண்டு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடரும் மிரன் வின்ஸ்லோவும் 1836-இல் சென்னைக்கு வந்தனர். தமிழில் சமய நூல்களை அச்சிடுவதற்கான அச்சகம் ஒன்றை நிறுவுவதே அவர்கள் வருகையின் நோக்கம். ஸ்கடரின் மகன்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனையே இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. வேலூர் நன்றியோடு நினைவுகூரும் அந்த மருத்துவக் குடும்பத்தின் தமிழக வரலாறு ஓர் அச்சகத் திட்டத்தோடு தொடங்குகிறது என்பது பலர் அறியாதது.

சென்னையின் அமெரிக்கன் மிஷன் அச்சகத்துக்குப் பொறுப்பேற்ற பி.ஆர். ஹன்ட், தமிழ் எழுத்துகளைப் புதிதாக வெட்டிச் சிறிதாக்கினார். 1862-இல் அங்கே அச்சான வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதியை இன்று எடுத்துப் பார்த்தாலும் அவருடைய உழைப்பு விளங்கும். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் நெருக்கமாக நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அடக்கவில்லை. 1849-இல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டுசென்ற ஆறுமுக நாவலரும், அவருக்குப் பின் ஏட்டுச் சுவடிகளை நூலாக்கிய பதிப்பாசிரியர்களும் ஈய எழுத்து என்ற கருவியைக் கொண்டே தங்கள் பணியைச் செய்தனர். மூலம், உரை, அடிக்குறிப்பு என ஒரே பக்கத்தில் மூன்று அடுக்குகளைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டும் பொறுப்பு அந்த எழுத்துகளின் மீது இருந்தது. ஓலையில் ஒரே பருமனில் இருந்த கோடு, ஈயத்தில் தடிப்பும் மெலிவும் பெற்றது. தமிழுக்கே உரிய புத்தக எழுத்து ஒன்று உருவாகும் வழியில் இருந்தது.

இயந்திரம் சொன்னபடி

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பயணம் திசை மாறியது. கையால் கோத்த காலத்தில் 247 எழுத்துகளும் அவற்றின் பல வடிவங்களும் தனித்தனி அறைகளில் அடுக்கப்பட்டிருந்தன. தட்டச்சுப் பொறியும் அச்சுக்கோப்பு இயந்திரமும் வந்தபோது அத்தனை வடிவங்களுக்கு அவற்றில் இடம் இல்லை. பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் கற்போரின் சுமையையும் அச்சுக்கோப்போரின் சுமையையும் ஒருங்கே குறைத்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்கால், ஐகாரக் குறிகளோடு எழுதப்படலாயின. 1978-இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்றைய தலைமுறைக்குப் பழைய ‘லை’ வடிவம் ஒரு காட்சிப்பொருள். அந்தச் சீர்திருத்தத்தால் தமிழ் இழந்தது சிறிது, பெற்றது பெரிது.

ஆனால் எழுத்தின் எண்ணிக்கையைப் பற்றி நடந்த விவாதம் எழுத்தின் தரத்தைப் பற்றி நடக்கவில்லை. இயந்திரத்தில் அடங்குமா என்று கேட்டோம். முந்நூறு பக்கம் படித்தால் கண்ணுக்கு இதமாக இருக்குமா என்று கேட்கவில்லை.

கணினி வந்தபின் இது இன்னும் கூடுதலாயிற்று. 1990-களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை மற்றொன்றுக்கு மாற்றினால் புரியாத குறிகளின் குவியலே கிடைக்கும். அதனால் புத்தகத்துக்கு எது பொருத்தமான எழுத்து என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பதிப்பாளர் இழந்தார். தட்டச்சு செய்பவரின் கணினியில் எந்த எழுத்துரு இருந்ததோ, அதுவே புத்தகத்தின் எழுத்துருவாயிற்று. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. எழுத்தும் குறியீடும் ஒன்றிலிருந்து ஒன்று விடுபட்டன. எனினும் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைச் சரிவரக் கையாளத் தொடங்குவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. பழைய மென்பொருளும் பழைய எழுத்துருவும் அதுவரை பழக்கமாகவே தங்கிவிட்டன.

இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. விண்டோஸ் கணினிகளில் 2000-ஆம் ஆண்டு முதல் வந்த ‘லதா’, கூகுள் தளத்தில் கிடைக்கும் ‘கட்டமரான்’, ‘முக்த மலர்’, ‘ஹிந்த் மதுரை’, ‘மீரா இனிமை’ எனப் பட்டியல் நீளும். இவற்றில் பல, திறமையான வடிவமைப்பாளர்களின் நேர்த்தியான படைப்புகள். ஆனால் பெரும்பாலானவை ஒரே பருமனுள்ள கோட்டைக் கொண்டு, திரைக்கும் தலைப்புக்கும் ஏற்றவாறு அமைந்தவை. தடிப்பும் மெலிவும் கொண்ட ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ போன்ற முயற்சிகள் எண்ணிக்கையில் குறைவு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பன்னாட்டு நிறுவனம் வகுத்த வரிசையில் அதுவும் ஒன்று. தமிழ்ப் பதிப்புலகம் தன் தேவையை எடுத்துரைத்துக் கேட்டுப் பெற்றதல்ல.

புத்தக எழுத்துக்குத் தேவை என்ன? ‘கி’, ‘கீ’ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. ‘எ’, ‘ஏ’ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு கோடு. ‘ழ’, ‘மு’ இரண்டும், ‘ர’, துணைக்கால் இரண்டும் விரைந்து படிக்கும்போது கண்ணை ஏமாற்றக் கூடியவை. மலிவான காகிதத்தில் மை பரவும்போது முதலில் அடைபடுபவை இந்தச் சுழிகள்தாம். எனவே புத்தக எழுத்தில் உட்புற வெளிகள் திறந்தவையாக இருக்க வேண்டும். மேலே ஏறும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘கூ’வும் அடுத்த வரியில் இடிக்காத வெளி வேண்டும். அடிக்குறிப்புக்கு உடல் எழுத்தைச் சுருக்கினால் போதாது. சிறிய அளவுக்கென்றே சற்றுத் தடித்து வரைந்த வடிவம் வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்தத்தைக் காட்டச் சாய்வெழுத்து இருக்கிறது. தமிழில் கணினி எழுத்தை இயந்திரத்தனமாகச் சாய்த்துக் கொடுப்பதை ஏற்றுக்கொள்கிறோம். தமிழ் எண்கள், கிரந்த எழுத்துகள், 2019-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறியீடுகள் ஆகியவையும் அதே குடும்பத்தில் இடம்பெற வேண்டும். இல்லையேல் ஒரு பழைய நிலப் பத்திரத்தை ஆராயும் நூலை அச்சிட நான்கு எழுத்துருக்களை ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

உருது வாசகர்களின் பிடிவாதம்

இதே வட்டாரத்தில் புழங்கும் உருது மொழியின் அனுபவம் இங்கே நமக்குப் பாடமாகிறது. நஸ்தலீக் எழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் அடுத்து வருவதைப் பொறுத்து வடிவத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொள்ளும். ஈய எழுத்தில் அதை வார்ப்பது மிகக் கடினம். அரபு மொழிக்குப் பயன்பட்ட நஸ்க் எழுத்து நேர்கோட்டில் அமைவதால் அச்சுக்கு எளிது; அதை உருதுவுக்கும் கொண்டுவரப் பலமுறை முயன்றார்கள். உருது வாசகர்கள் ஏற்கவில்லை. தங்கள் புத்தகம் தங்கள் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று நின்றார்கள்.

அதன் விளைவாக உருதுப் பதிப்புலகம் ஈய அச்சைவிட்டுக் கல்லச்சைப் பற்றிக்கொண்டது. ‘காதிப்’ எனப்படும் எழுத்தர் தம் கையால் எழுதிய பக்கத்தை அப்படியே கல்லில் பெயர்த்து அச்சிட்டார்கள். 1858-இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் இந்த முறையில் வளர்ந்த பெரும் நிறுவனம். 1927-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி முசல்மான்’ உருது நாளிதழ், உலகமே கணினிக்கு மாறிய பிறகும் கையெழுத்திலேயே எழுதப்பட்டு வெளிவந்ததை உலக ஊடகங்கள் வியப்போடு பதிவு செய்தன.

கடைசியில் வாசகர்களுக்காக இயந்திரம் வளைந்தது. பாகிஸ்தானின் மிர்சா அகமது ஜமீல், மோனோடைப் நிறுவனத்தோடு இணைந்து, ஏறத்தாழ 20,000 இணைப்பு வடிவங்களைக் கையால் எழுதிக் கணினிக்குள் ஏற்றினார். 1981-இல் ‘ஜங்’ நாளிதழ் அந்த ‘நூரி நஸ்தலீக்’ எழுத்தில் வெளிவந்தது. 1990-களில் தில்லி நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘இன்பேஜ்’ மென்பொருள், அந்த எழுத்தை இந்தியாவின் சிறு அச்சகங்களுக்கும் கொண்டுசென்றது.

இந்தப் பிடிவாதத்துக்கு உருது கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. கையெழுத்தை நம்பியிருந்ததால் வேகமும் அளவும் குறைந்தன; தேடக்கூடிய மின்னூல்கள் பெருகுவதும் தாமதமாயிற்று. தமிழ் அந்த வழியில் போகாததால் பல நன்மைகளை அடைந்தது. ஆனால் ஒரு மொழியின் வாசகர்கள் தங்கள் எழுத்தின் அழகை விட்டுக்கொடுக்க மறுத்தால் தொழில்நுட்பம் ஒரு நாள் அவர்களிடம் வந்தே தீரும் என்பதற்கு உருதுவைவிட நல்ல சான்று இல்லை. உருதுவுக்கு ஏறத்தாழ 20,000 வடிவங்கள் தேவைப்பட்டன. தமிழுக்கு உயிரும் மெய்யும் துணைக்குறிகளும், உகர ஊகார வடிவங்களும், கிரந்தமும் எண்களும் சேர்த்துச் சில நூறு வடிவங்கள் போதும். கைக்கெட்டும் தொலைவில் இருப்பதைக் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

தோல் சொல்லும் பாடம்

தேவையைக் கேட்டுப் பெறுவது எப்படி என்பதற்குத் தோல் தொழிலின் வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்ட ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் லண்டனுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயின. அவை மலிவானவை, ஆகவே ஐரோப்பியப் புத்தகங்களின் பைண்டிங்குக்கும் பயன்பட்டன. சில பத்தாண்டுகளில் நூலகர்கள் ஒரு சிக்கலைக் கண்டார்கள். அலமாரியில் இருந்த புத்தகங்களின் தோல் அட்டைகள் செந்நிறப் பொடியாக உதிர்ந்தன. பழைய நூற்றாண்டுகளின் தோல் உறுதியாக இருக்க, புதிய தோல் மட்கியது.

லண்டன் கலைக் கழகம் 1900-இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. நூலகர்கள், பைண்டிங் கலைஞர்கள், தோல் வேதியியல் அறிஞர்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தனர். 1901-இல் வெளியான அறிக்கை, பல காரணங்களோடு பதனிடும் பொருளின் வேதித்தன்மையையும் சுட்டியது. ஆவாரம்பட்டை போன்றவற்றிலுள்ள ஒருவகைத் துவர்ப்பொருள் கொண்டு பதனிட்ட தோல், நெடுங்காலம் நிற்க வேண்டிய புத்தகத்துக்கு ஏற்றதல்ல என்றும், சுமாக் இலையால் பதனிட்ட தோலே நிலைக்கும் என்றும் அது முடிவு செய்தது. ஆவாரம்பட்டைத் தோல் தரக்குறைவானது என்று இதற்குப் பொருளில்லை. செருப்புக்கும் பைக்கும் அது சிறந்த தோல்தான். ஒரு பயன்பாட்டுக்கு உகந்தது இன்னொன்றுக்கு உகந்ததாக இராது என்பதே அந்தக் குழு எடுத்துக்காட்டிய உண்மை.

எழுத்துக்கும் அதே விதி பொருந்தும். கைப்பேசித் திரையில் பளிச்சென்று தெரியும் எழுத்து, நாவலின் இருநூறாவது பக்கத்தில் கண்ணைச் சோர்வடையச் செய்யலாம். தோலுக்கு ஒரு குழு அமைந்தது. காரணம், புத்தகம் உதிர்ந்தபோது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. எழுத்தின் குறை அப்படித் தெரிவதில்லை. படிப்பவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார். குறை தம்முடைய கண்ணிலோ பொறுமையிலோ இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். வீட்டில் வேறு மொழி பேசி, தமிழைப் பள்ளியில் வந்து கற்கும் ஆம்பூர்க் குழந்தைக்கு ‘கி’, ‘கீ’ குழம்பினால், குழந்தையின் மீதே பழி விழுகிறது.

செய்ய வேண்டியவை

இதற்கான நிறுவனங்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களை வெளியிட்ட அனுபவம் உடையது. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மாநிலத்தின் மிகப் பெரிய புத்தகப் பதிப்பாளர். பொது நூலகத் துறை தனியார் பதிப்பகங்களிடமிருந்து நூல்களை வாங்குகிறது. இம்மூன்றும், பதிப்பாளர்கள், ஆசிரியர்கள், எழுத்துரு வடிவமைப்பாளர்கள், கண் மருத்துவர்கள் ஆகியோரோடு ஒரே மேசையில் அமர வேண்டும்.

அந்தக் குழு முதலில் செய்ய வேண்டியது வரைவது அன்று, கேட்பது. இரண்டாம் வகுப்புக் குழந்தை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், எழுபது வயது வாசகர் ஆகியோர் சாதாரணக் காகிதத்தில் அச்சான பக்கங்களை எவ்வாறு படிக்கிறார்கள் என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல ஈய எழுத்துகளைச் சான்றாகக் கொண்டு, உடல் எழுத்து, அடிக்குறிப்பு, தலைப்பு, அழுத்தம் ஆகியவற்றுக்குரிய வடிவங்களோடு ஒரு முழுக் குடும்பத்தை உருவாக்கி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிட வேண்டும். நூலகத் துறை நூல் வாங்கும்போது எழுத்தின் குறைந்த அளவு, வரி இடைவெளி, ஓர விளிம்பு ஆகியவற்றையும் கவனத்தில் கொள்ளலாம்.

உள்ளடக்கம் நன்றாக இருந்தால் எழுத்து எப்படி இருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல புத்தக எழுத்தின் இயல்பே தன்னை மறைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை முன்னிறுத்துவதுதான். உள்ளடக்கத்தை மதிப்பவர்களே எழுத்தைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியவர்கள். காகிதப் புத்தகத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற வாதமும் பொருந்தாது. மின்னூல் கருவியிலும் நீண்ட நேரம் படிப்பதற்கான எழுத்து தனியாகவே தேவைப்படுகிறது.

‘தம்பிரான் வணக்கம்’ வெளியாகி 2028 அக்டோபரில் 450 ஆண்டுகள் நிறைவடைகின்றன. மலர்கள் வெளியிடப்படும், இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் மொழி தமிழ் என்ற பெருமை மேடைகளில் பேசப்படும். அந்த மலர்கள் எந்த எழுத்தில் அச்சாகப் போகின்றன என்பதை இப்போதே முடிவுசெய்யத் தொடங்கினால், பேச்சோடு நில்லாமல், தமிழ் வாசகரின் கையில் நிலைத்திருக்கும் ஒன்றை அந்த ஆண்டு கொடுத்துச் செல்லும்.